ஹாஜரின் காரில் மழை

என் தங்கை ஹாஜரைக் கட்டிக்கொள்ளவிருந்த லசாத்துக்குத் தெரியாத விஷயம் என்று இந்த உலகத்தில் எதுவும் கிடையாது. அவனுடைய மாமா எங்கள் ஊரான பிஸெர்த்தேயின் பழைய துறைமுகத்துக்குப் பின்னால் கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். இவன் அங்கே கல்லாவில் சாய்ந்து நின்றுகொண்டு, வருகிறவர்கள் கேட்கும் சாமான் அவர்களுக்குத் தேவையே இல்லை என்று விளக்குவான். அதற்குப் பெயர் வேலை. மழை கொட்டினாலும் கறுப்புக் கண்ணாடி தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பைன் விதை போட்டு அம்மா கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, தேநீர் எப்படிப் போட வேண்டும் என்று அம்மாவுக்கே பாடம் எடுத்தான். அம்மா சிரித்து மழுப்பினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹாஜர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எங்கள் ஊர்ப் பெண்கள் பலரும் அவளிடம்தான் வருவார்கள். மற்ற இடங்களில் சொல்லிக்கொடுக்கிற ஆண்கள் கத்துகிறார்கள் என்பார்கள். பயிற்சிக் கார் என்பதால் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். அந்த இருக்கையில்தான் ஹாஜருடைய பகல் முழுவதும் கழியும்.

அந்தக் குளிர்காலத்தில், சரியாக அந்த இருக்கையின் காலடியில் தண்ணீர் வர ஆரம்பித்தது. முதலில் காலுறை ஈரமானது. பிறகு மிதியடியைத் தூக்கினால் அடியில் சளசளவென்றது. காலையில் கண்ணாடியெல்லாம் உள்பக்கமாக வியர்த்திருக்கும். ஊறிப்போன ஆட்டுத்தோலின் வாடை. மருந்துக்கடைக்காரரின் மனைவி விதாத் அப்போது கற்றுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் ஸ்டியரிங்கைத் திருப்ப ஆரம்பித்த பிறகுதான் ஹாஜர் லசாத்திடம் சொன்னாள்.

"இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கியா? சாவியைக் குடு. ஒரு காலைப் பொழுது போதும் எனக்கு" என்றான்.

மத்தியானம் காரைக் கொண்டுவந்து விட்டான். முன்கண்ணாடியைச் சுற்றி வெள்ளை சிலிக்கான் பசையைப் பிதுக்கி அப்பியிருந்தான். குழந்தை பற்பசையை வைத்து விளையாடியது போல இருந்தது. உள்ளே வெனிலா வாசனையில் ஓர் அட்டை மரம் தொங்கியது.

"கார்ப்பெட்டை முழுசாக் கழட்டி, காயவெச்சு, ஓட்டை எங்கேன்னு பாத்து அடைச்சாச்சு" என்றான்.

"எங்கேருந்துதான் வந்துது?" என்று கேட்டேன்.

"சொன்னா உங்களுக்குப் புரியாதுக்கா."

அடுத்த மழை அந்த வாரமே வந்தது. இந்த முறை தண்ணீர் முன்னைவிட அதிகம். ஹாஜர் சொன்னதும் அவன் அசரவில்லை. "உன்கிட்ட வர்ற பொம்பளைங்க ஷூவுல ஈரத்தோட ஏறுறாங்க" என்றான். அவர்கள் யாரும் அவள் பக்கம் உட்காருவதில்லை என்று சொன்னாள். "அப்ப மூச்சுக்காத்து. கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு நாள் பூரா பேசிக்கிட்டே இருந்தா கார் வேர்க்காம என்ன செய்யும்?" என்றான். இருந்தாலும் பெரிய மனது வைத்து இன்னொரு முறை காரை எடுத்துப்போய், அவள் பக்கத்துக் கதவு ரப்பரிலும் பசை தடவிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்க, காலை முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. ஒழுகல் மட்டும் அப்படியே இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. ஹாஜர்தான், "விடுக்கா, நமக்காகத்தானே செய்யறாரு" என்பாள். காதலிக்கிற பெண்ணுக்குப் புத்தி ஒரு பக்கம் மங்கும் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியம் இல்லை.

பிறகு கால்வாய்ப் பாலத்தருகே அது நடந்தது. தூறல். விதாத் ஓட்டிக்கொண்டிருந்தாள். மீன் பெட்டியைப் பின்னால் கட்டிய ஒரு மொபெட்காரர் சந்திலிருந்து திடீரென்று குறுக்கே வந்தார். விதாத் பதறி, பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். ஹாஜர் தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். ஈரத்தில் கால் வழுக்கிப் பக்கவாட்டில் போய்விட்டது. மறுபடி மிதித்து வண்டி நின்றபோது, பம்பருக்கும் அந்த மனிதரின் முழங்காலுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுதான் இடம் இருந்தது. அவர் இறங்கி, எங்கள் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டுப் போனாராம். நியாயம்தான்.

வீட்டுக்கு வந்த ஹாஜர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. லசாத்துக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னாள். ஸ்பீக்கரில் அவன் குரல் எனக்கும் கேட்டது.

"பிரேக்குல கால் வழுக்குதுன்னா செருப்பை மாத்தேன். இதுக்கெல்லாமா போன் பண்ணுவ? கடையில ஆள் இருக்கு."

ஹாஜர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. காலையிலேயே அவள் அப்பாவின் பழைய ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நானும் போனேன். தன் இருக்கையைக் கழற்றி வெளியே வைத்தாள். கதவோரத்து பிளாஸ்டிக் பட்டையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க பாருக்கா."

பட்டையைப் பிடித்திருந்த கிளிப்புகளின் மேல் வருஷக்கணக்கான தூசி, மாவு தூவியது போல, கலையாமல் கிடந்தது. அந்தப் பட்டையை எடுக்காமல் கார்ப்பெட்டில் ஒரு மூலையைக்கூடத் தூக்க முடியாது. முழுசாகக் கழற்றிக் காயவைத்தானாம் மகராசன்.

கார்ப்பெட்டை உரித்தோம். அடியில் இருந்த ஸ்பாஞ்சு, தண்ணீர் குடித்துக் குடித்து ஈரல் மாதிரி கனத்திருந்தது. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிழிந்தோம். பிழியப் பிழியப் பழுப்புத் தண்ணீர். தரைத் தகட்டில் துரு பூத்திருந்தது. துணியால் துடைத்து, காய்ந்த செய்தித்தாளைப் பரப்பினாள். என்னை உள்ளே அனுப்பி, டார்ச்சோடு டேஷ்போர்டின் அடியில் தலையைக் கொடுக்கச் சொன்னாள். அவள் வெளியே தோட்டத்து ஹோஸைப் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து மேலே வந்தாள். முதலில் கதவின் அடிப்பகுதி, நிதானமாக. பேப்பர் காய்ந்தே இருந்தது. கதவு மேல்பக்கம். ஒன்றுமில்லை. முன்கண்ணாடி ஓரம். அங்கேயும் ஒரு சொட்டு இல்லை. அவன் அப்பிய பசையெல்லாம் ஒழுகாத இடத்துக்கு!

வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு மூடியின்மேல் ஹோஸைத் திருப்பினாள். முதலில் எதுவும் வரவில்லை. பிறகு ஹீட்டர் விசிறிப் பக்கத்திலிருந்து குளுகுளுவென்று என் சட்டைக் கைக்குள் இறங்கியது.

"வருது! நிறுத்து! என் அக்குளுக்கே வந்துருச்சு!"

வைப்பர்களைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். அடியில் ஒரு சாக்கடையே இருந்தது. எங்கள் தெரு பைன் மரத்து ஊசிகளும் யூகலிப்டஸ் இலைகளும் மக்கிச் சேறாகி, அதன்மேல் தண்ணீர் ததும்பி நின்றது. வெளியே போக வழியில்லாமல், விசிறிக்குக் காற்று போகும் வாய்க்குள் அது வழிந்துகொண்டிருந்தது. சேற்றைக் கையால் வாரி எறிந்தோம். அப்படியும் தண்ணீர் இறங்கவில்லை. பானெட்டுக்குள் டார்ச்சை அடித்து, அந்தத் தொட்டியின் வடிகாலைத் தேடினாள். ஒரு ரப்பர் மூக்கு. அதன் நுனியில், கெட்டியான வெள்ளைப் பசை.

என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். லசாத் பானெட்டைத் தூக்கியிருக்கிறான். ஒரு ரப்பர் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருக்கிறான். ஆகா, கார் ஒழுகும் இடம் கிடைத்துவிட்டது என்று மூக்கை அடைத்துவிட்டான். பசையில் அவன் கட்டைவிரல் ரேகைகூடப் பதிந்திருந்தது.

ஹாஜர் குறடால் அதைப் பிடுங்கினாள். தொட்டித் தண்ணீர் மொத்தமும் தடதடவென்று தெருவில் கொட்டியது. நான் சிரித்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"சிரிக்காதக்கா" என்றாள். "ஊர்ல இத்தனை பேர் இருக்க, இவன்தான்னு பாத்து சொன்னவ நான்."

அன்று மாலை லசாத்தும் அவன் அம்மா ஸாஸியாவும் கல்யாணப் பேச்சுக்காக வருவதாக இருந்தது. வந்தார்கள், ஒரு தட்டு மக்ரூத் இனிப்போடு. ஹாஜர் அவர்களை வாசலிலேயே வரவேற்றாள்.

"கார்ப்பெட்டைக் கழட்டினீங்களா?" என்று அவனிடம் நேராகக் கேட்டாள்.

"கழட்டினேன்னு சொன்னேனே."

"இது நீங்க வெச்சதா?" பசை உருண்டையைக் காட்டினாள்.

அவன் ஒரு பார்வைதான் பார்த்தான். "அது கம்பெனியிலேயே வெச்சு அனுப்பறது. அதையா பிடுங்கின? போச்சு, இனி இன்ஜின் தாங்காது."

உண்மையைச் சொல்ல அவனுக்கு அவள் வழி விட்டாள். அந்த வழியில் அவன் காலெடுத்து வைக்கவில்லை. இருக்கையை மறுபடி பொருத்தியிருந்தோம். "அதுல உக்காருங்க" என்றாள். புது ஸ்வேட் தோல் ஷூவோடு, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். வைப்பர் பக்கம் ஹோஸைப் பிடித்தாள். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

"பாத்தியா? நான் போட்ட சிலிக்கான் நிக்குது" என்றான்.

ஹாஜர் பசை உருண்டையை ரப்பர் மூக்கில் திரும்பச் செருகிவிட்டு, மறுபடி தண்ணீரைத் திறந்தாள். தொட்டி நிறையும் வரை எல்லோரும் காத்திருந்தோம். பிறகு அவன் முழங்கால்மேல் விழுந்தது. ஷூவுக்குள் இறங்கியது. காலடியில் குட்டை கட்டியது. பாதம் நனைய உட்கார்ந்தபடி அவன் சொன்னான்:

"இது குழாய்த் தண்ணி. குழாய்த் தண்ணிக்கு அழுத்தம் ஜாஸ்தி. மழைக்கு இப்படி வராது."

ஹாஜர் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு, நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி ஸாஸியாவின் கையில் வைத்தாள்.

"என்னடி இது? ஒரு காருக்காகவா?" என்றாள் ஸாஸியா. "ஊர் என்ன சொல்லும்?"

"கால் வழுக்கி ஒரு மனுஷனைக் கொல்லப் பாத்தேன் அத்தை. செருப்பை மாத்துன்னாரு உங்க பிள்ளை."

லசாத் காரிலிருந்து இறங்க முயன்றான். அவன் பசை போட்ட கதவு அவனுக்கே திறக்கவில்லை. நான்தான் வெளியிலிருந்து இழுத்துவிட்டேன். மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஸாஸியா மக்ரூத் தட்டை மறக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

ஊர் சொன்னது. பைத்தியக்காரி, ஈரக் காலுறைக்காக மாப்பிள்ளையை விட்டவள் என்றார்கள். லசாத் காபிக்கடையில் உட்கார்ந்து, கார் நாறியதால் தானே வேண்டாம் என்று விட்டதாகச் சொன்னான். அதை நம்புவதற்கும் ஆட்கள் இருந்தார்கள். அவனைச் சுற்றி உட்காருகிறவர்களுக்கு வேறு என்ன வேலை? அடுத்த வருஷமே மீன்பிடிப் படகு வைத்திருப்பவர் ஒருவரின் மகளை அவனுக்கு நிச்சயம் செய்தார்கள். கேள்விப்பட்டதும் அந்தப் படகை நினைத்துத்தான் எனக்குக் கவலையாக இருந்தது.

ஹாஜர் சில நாள் அழுதாள். ஸ்பாஞ்சு மொட்டைமாடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. பிறகு துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தாள், பிளேடை வைத்துப் பசையை மெல்ல மெல்லச் சீவி எடுத்தாள், இலை விழாமல் இருக்க மூடிக்கு அடியில் ஒரு கம்பிவலை வைத்தாள். பிப்ரவரி மழை முழுவதையும் கார் உலர்ந்தபடியே தாண்டியது. விதாத்துக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

இப்போதும் எங்காவது லசாத் எதிர்ப்பட்டால் ஹாஜர் நின்று நலம் விசாரிக்கிறாள். நான் விசாரிப்பதில்லை.