முடிந்த போருக்கு ஒரு பட்டிமன்றம்

வளைகுடாவில் போர் நின்றுவிட்டதாக ரேடியோ சொன்ன காலையில், இசக்கியப்பன் சைக்கிளைச் சுவரில் சாத்தக்கூடப் பொறுமையில்லாமல் வாசலில் போட்டுவிட்டு சாரம்மாள் வீட்டுக்குள் ஓடி வந்தான்.

"டீச்சர், கேட்டியளா? போர் நின்னுபோச்சாம்!"

பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரம் நடத்துகிறவள் சாரம்மாள். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

"ஸ்தோத்திரந்தான். ஆனா ஞாயித்துக்கெழம பட்டிமன்றத்துக்கு மைக்செட்டு சொல்லியாச்சே! 'வளைகுடாப் போர் நியாயமா, நியாயமில்லையா?'ன்னு சொவரெல்லாம் நோட்டீசு ஒட்டியாச்சே! இன்னும் நாலு நாள் சண்ட போட்டா என்ன கொறஞ்சா போயிருவாவ?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். வாய்க்கால் பாலத்துப் படிப்பகத்தின் செயலாளர் அவன்தான். அவன் கவலை அவனுக்கு.

சாரம்மாள் சிரித்துவிட்டாள். "சண்ட நடக்கும்போது யாரு ஜெயிக்கான்னுதான் எல்லாரும் பாப்பாவ, இசக்கி. நியாயம் யாரு பக்கம்னு இப்பந்தான் நிதானமாப் பாக்க முடியும். நடத்துங்க."

அவளுக்கு வேறொரு சங்கடம் இருந்தது. வழக்கமாக வரும் நடுவர், தன் மகளின் பிரசவத்துக்காக மெட்ராஸ் போய்விட, கடைசி நேரத்தில் இவளைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். 'நியாயமில்லை' என்ற அணிக்குப் பேசப்போகிறவரோ அவள் புருஷன் ஞானசிகாமணி. கூட்டுறவு அலுவலகத்தில் எழுத்தர். வருஷா வருஷம் படிப்பக மேடையில் பேசுவார், வருஷா வருஷம் தோற்பார். மறுநாள் காலையிலேயே அடுத்த வருஷத்துக்குத் தயாராகிவிடுவார்.

எதிர் அணியில் மேலப்பாளையம் காஜா முகைதீன். குவைத்தில் தையல்கடை வைத்திருந்தவர். ஆகஸ்டு மாசம் ஒரு நாள் விடிந்தபோது கடைவாசலில் ஈராக் டாங்கி நின்றது. சில வாரம் பார்த்துவிட்டு, கடையை அப்படியே விட்டு, பாலைவனம் தாண்டி, அம்மான் நகரம் போய், அங்கிருந்து விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். அவரை எதிர்த்து அந்தப் போர் தப்பு என்று பேச யாருக்கு வாய் வரும்? அதனால்தான் மற்றவர்கள் எல்லாம் நழுவிக்கொள்ள, ஞானசிகாமணி மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது மைதானம் நிறைந்துவிட்டது. கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள், சபைக்குப் போய் வந்தவர்கள், மேலப்பாளையத்திலிருந்து காஜாவுக்காகவே வந்த ஒரு கூட்டம்.

காஜாதான் முதலில் பேசினார். சிரிக்கச் சிரிக்கப் பேசினார். தன் மெஷினில் பாதி தைத்த கால்சட்டை ஒன்று இன்னும் ஊசிக்கடியிலேயே கிடப்பதாகவும், அளவு கொடுத்த மனுஷர் ஒத்தைக் காலோடுதான் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னபோது கூட்டம் குலுங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நடுவர் அவர்களே, வீட்டுக்குள்ள புகுந்தவன்ட்ட 'போ'ன்னு சொன்னோம். போகல. மாசக்கணக்கா உலகமே சொல்லிச்சு. போகல. பெறகு கழுத்தப் புடிச்சித் தள்ளாம என்ன செய்ய?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஞானசிகாமணி எழுந்தார். எண்ணெய்க்காக வந்தவர்கள் நியாயத்துக்காக வந்ததாகச் சொல்கிறார்கள் என்றார். பாக்தாதில் பதுங்கிடம் ஒன்றில் தாய்மாரும் பிள்ளைகளும் படுத்திருந்தபோது குண்டு விழுந்ததைச் சொன்னார். எப்போதும் கையை வீசிக் கத்துகிறவர், அந்த இடத்தில் கத்தவில்லை.

இப்போது நடுவர் கேள்வி கேட்கலாம். சாரம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"சரி, போர் வேண்டாம். காஜா பாய்க்குக் கடை திரும்பக் கிடைக்க நீங்க என்ன செஞ்சிருப்பீய?"

ஞானசிகாமணி மேஜையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "தெரியல" என்றார். அவர் அணிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"காஜா பாய், உங்களுக்கும் ஒண்ணு. தள்ளுனது சரி. தள்ளுன பெறகு, திரும்பிப் போயிட்டிருந்த ஈராக் பட்டாளத்த ரோட்டுலயே வச்சு எரிச்சாவளே, அது?"

காஜாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. "ஈராக் சிப்பாய் ஒருத்தன் கடைக்கு வருவான் டீச்சர். பாஸ்ரா ஊர்ப் பையன், மீசகூட மொளைக்கல. அவனுக்குக் குடுத்த சட்ட ரொம்பப் பெருசு. புடிச்சித் தச்சிக் குடுத்தேன். துப்பாக்கிய மூலையில சாத்திட்டு 'ஷுக்ரன், ஷுக்ரன்'ன்னு நன்றி சொல்லிட்டுப் போனான். அந்த ரோட்டுல அவனும் போயிருப்பானோன்னு பேப்பரப் பாத்ததுலேருந்து..." மைக்கைக் கிட்டே இழுத்தார். "வீட்ட விட்டு எறங்கிப் போறவன முதுகுல அடிக்கது நியாயமில்ல டீச்சர். எங்க அணி என்னக் கோவிச்சாலும் சரி."

சாரம்மாள் மைக்கைப் பிடித்தாள். எப்படிச் சொன்னாலும் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் சமம் என்று நழுவிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நழுவ மனசு வரவில்லை.

"புகுந்தவன வெளியேத்தணும்னு காஜா பாய் சொன்னது சரி. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா நோட்டீசுல 'போருக்குக் காரணம் நியாயமா'ன்னு போடல. 'போர் நியாயமா'ன்னு போட்டிருக்கு. தொடங்குனது மட்டும் போர் இல்ல, நடத்துனதும் சேத்துத்தான். நல்ல காரணம் இருக்குங்கதால, செஞ்சதெல்லாம் நல்லதாயிராது. பிள்ளையளு தூங்குன எடமும் அந்த ரோடும் இந்தப் போருக்குள்ளதான் இருக்கு. அதனால, இந்தப் போர் நியாயமில்ல."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "புருசனுக்குல்லா தீர்ப்பு சொல்லிட்டாவ!"

மைதானமே சிரித்தது. விசில் பறந்தது. ஞானசிகாமணியின் காது சிவந்துவிட்டது. அப்போது காஜா தாவி வந்து மைக்கைப் பிடித்தார்.

"யாருவே அது? புருசனுக்கா சொன்னாவ? என் வாயிலேருந்துல்லா புடுங்கிச் சொன்னாவ! தோத்தவன் நானே சொல்லுதேன், தீர்ப்பு சரி!" ஜெயித்தவருக்கென இசக்கியப்பன் கையில் வைத்திருந்த ஒற்றைச் சால்வையைப் பிடுங்கி ஞானசிகாமணி தோளில் அவரே போர்த்திவிட்டார். இந்தத் தடவை சிரிப்போடு கைதட்டலும் சேர்ந்துகொண்டது.

கூட்டம் கலைந்து வீட்டுக்கு நடக்கும்போது ஞானசிகாமணி சால்வையை மடித்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"இத்தன வருசம் தோத்தேன், ஒருத்தனும் சந்தேகப்படல. ஒருக்கா ஜெயிச்சேன், பொண்டாட்டி தயவுங்கான்."

"நல்லாத்தான் பேசுனீய."

"நெசமாவா சாரா?"

"நெசமா. தெரியலன்னு சொன்னீயல்லா, அதுதான் ரொம்ப நல்லாருந்துது."

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று யோசித்துக்கொண்டிருக்கையில், பின்னாலிருந்து காஜா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

"அண்ணாச்சி, தீர்ப்பு கெடக்கட்டும். போகவே மாட்டேன்னு உக்காந்திருக்கவன என்னதான் செய்யணும்? அதச் சொல்லாம நா வீட்டுக்குப் போகமாட்டேன்."

"இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கணும்வே."

"எம்புட்டு நாளு?"

ஞானசிகாமணி விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பாலத்துமுனைக் கடையில் கருப்பட்டிக் காப்பி சொன்னாள் சாரம்மாள். காப்பி வந்து, ஆவி அடங்கி, ஆறிப்போனது. வாதத்தில் இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. கடைக்காரரும் காப்பி ஆற்றுவதை நிறுத்திவிட்டு வாதத்தில் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார். சாரம்மாள் தன் டம்ளரைக் காலி செய்துவிட்டு, புருஷன் டம்ளரையும் எடுத்துக் குடிக்கத் தொடங்கினாள்.