எடைக்கல் இளைத்த கதை

லிஃப்ட் கத்தியது.

உள்ளே ஆறு பேர். கதவுக்கு மேலே என் கையாலேயே திருகி மாட்டிய தகட்டில் 'எட்டுப் பேர், 544 கிலோ' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கடைசியாக ஏறியவர் குடைக்கம்பி மாதிரி ஒரு கூரியர்காரர். நியாயப்படி அவர்தான் இறங்க வேண்டும். ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தது மூலையில் நின்ற ரிசப்ஷனிஸ்ட்டை. ஆறாவது மாடி பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவர். பூசினாற்போல என்று சொன்னால் மரியாதை, குண்டு என்று சொன்னால் உண்மை.

"இருங்க, நான் இறங்கிக்கிறேன்," என்று கைப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

சத்தம் நின்றது. கூரியர்காரர் ஒல்லிக்கு விருது வாங்கியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேலே போனார். அவர் இறங்கியிருந்தாலும் சத்தம் நின்றிருக்கும். அது ஏன் ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை என்று கேட்காதீர்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். இயந்திரத்தைப் பற்றித்தான் பதில் சொல்லத் தெரியும்.

அன்றைக்கு அதையும் சொல்லவில்லை. டூல் பாக்ஸோடு மூன்றடி தள்ளி நின்றிருந்த எனக்கு, ஆறு பேருக்கே கத்துகிறதே என்று மண்டையில் கணக்கு ஓடியது. அந்த லிஃப்ட் பொய் சொல்கிறது. சொல்லிக் கொடுத்தவன் நான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் என் எடை 150 கிலோ. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்கிறீர்களா? எங்கள் தொழிலில் இருந்தது. லிஃப்டில் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்று உணர ஒரு கருவி உண்டு. அதற்கு அளவு கற்றுக்கொடுக்க, எடை தெரிந்த சுமையை உள்ளே வைத்து, அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். கம்பெனி இதற்காகவே இருபது கிலோ இரும்புக் கட்டிகள் எட்டு கொடுத்திருக்கிறது. அவற்றை வேனிலிருந்து இறக்கி, சுமந்து, அடுக்கி, மறுபடி வேனில் ஏற்றி... யார் செய்வது? என் கூட்டாளி மீசை வழி கண்டுபிடித்தான்.

"கட்டி எதுக்குடா? நீ உள்ள போய் நில்லு."

நின்றேன். 150 என்று தட்டினான். வேலை முடிந்தது. பத்து வருடம் இப்படித்தான். கட்டிகள் வேனில் துருப்பிடிக்க, எனக்கு 'எடைக்கல்' என்று பெயர் விழுந்தது. அவ்வப்போது என்னை எடை பார்ப்பார்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் மீசை பதறிப்போய் கேக் வாங்கிக் கொடுப்பான். என் உடம்பைப் பற்றி அவ்வளவு அக்கறைப்பட்டவன் உலகத்தில் வேறு யாருமில்லை.

எடைக்கல்லுக்கு ஒரு மொட்டைமாடி இயந்திர அறையில் முடிவு வந்தது. தரையிலிருந்த சதுரத் திறப்பு வழியாகக் கீழே இறங்கியவன், தொப்புள் மட்டத்தில் செருகிக்கொண்டேன். மேலே பாதி, கீழே பாதி. மீசை என் இடுப்பைச் சுற்றி கிரீஸ் தடவினான். நாற்பது நிமிடம் கழித்துப் பிடுங்கி எடுத்தபோது சட்டையில் பட்டன் இல்லை, என்னிடம் மானம் இல்லை.

மறுவாரம் சர்ஜன் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் காகிதத்தில் ஒரு பலூன் வரைந்தார். பக்கத்தில் ஒரு வாழைக்காய்.

"இப்ப உங்க வயிறு இது. முக்கால்வாசியை வெட்டி எடுத்துட்டு, இப்படி ஆக்கிடுவோம். ஓரத்தை ஸ்டேப்ளர் போட்டு மூடுவோம்."

"ஆபீஸ் ஸ்டேப்ளரா டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. அந்த ஜோக்கை தினமும் நாலு பேர் சொல்வார்கள் போலிருக்கிறது.

வயிற்றில் ஐந்து ஓட்டை போட்டார்கள். கண் விழித்ததும் நர்ஸ், "எழுந்து நடங்க," என்றார். ஆபரேஷனுக்காக உள்ளே ஊதிய காற்று போக வழி தெரியாமல் தோள்பட்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு குத்தியது. அடுத்த விருந்து, மருந்து மூடியில் தண்ணீர். கால்மணி நேரத்துக்கு ஒரு மூடி. ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்தவன் நான். மூடியை முத்தமிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வடிகட்டிய சூப். அப்புறம் கூழாக்கிய எதுவோ. பாதி முட்டைக்கே மூச்சு வாங்கியது. பழைய ஞாபகத்தில் ஒருநாள் ஒரு துண்டு கேக் தின்றுவிட்டு, நெஞ்சு படபடக்க, வேர்த்துக் கொட்ட, பாத்ரூம் தரையில் அரைமணி நேரம் படுத்துக் கிடந்தேன். சீப்பில் முடி வந்தது. கொழுப்பு போன இடத்தில் தோல் காலி மூட்டையாகத் தொங்கியது. குறுக்கு வழி என்கிறார்களே, அந்த வழியில் ஒருநாள் நடந்து பார்க்கட்டும்.

அப்படிச் சொல்கிறவர்களில் எங்கள் மேனேஜர் முதல் ஆள். "வயித்தை வெட்டிக்கிட்டு இளைக்கிறதெல்லாம் ஒரு இளைப்பா? சோம்பேறிங்க பண்றது," என்று யாரையோ பற்றி ஒருமுறை சொல்லியிருந்தார். அதனால் ஆபீஸில் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று லீவு போட்டேன். உண்மை தெரிந்தவள் மனைவி மட்டும்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். அப்போது 122 கிலோ. பழைய தொளதொள யூனிஃபார்ம் எல்லாவற்றையும் மறைத்தது. முதல் வேலையே இந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு அளவு வைப்பது.

"முகம் வத்தியிருக்கே எடைக்கல்லு? அதே நூத்தம்பதுதானே?" என்றான் மீசை, விரலைக் கம்ப்யூட்டர் மேல் வைத்துக்கொண்டு.

இல்லை என்றால், எவ்வளவு என்பான். எவ்வளவு என்றால், எப்படி என்பான்.

"அதேதான்," என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. என் 122-ஐ லிஃப்ட் 150 என்று படித்துக்கொண்டது. அன்றிலிருந்து அதன் கண்ணுக்கு எல்லாரும் பெருத்துத் தெரிந்தார்கள். 442 கிலோ ஏறினாலே 544 என்று அலறியது. ஆபத்து ஒன்றுமில்லை. அவமானம் மட்டும்தான்.

இதற்கிடையே நான் வீரனாகிவிட்டேன். 110, 100, 92. இனி மறைக்க முடியாதபோது, "நடை, வாயைக் கட்டுறது, மனசு வெச்சா முடியும்," என்று அள்ளிவிட்டேன். இனிமேல் கட்டிதான் என்று மீசைக்கு மட்டும் துக்கம். மேனேஜர் என்னை நடுஹாலில் நிறுத்தி எல்லாரையும் கை தட்டவைத்தார். காலியாக இருந்த சூப்பர்வைசர் பதவி எனக்குத்தான் என்றார். வெள்ளிக்கிழமை கம்பெனிக் கூட்டத்தில் 'மன உறுதி' என்று நான் பேச வேண்டுமாம். பேனர்கூட அடித்துவிட்டார்.

லிஃப்ட் விஷயத்தை வீட்டில் சொன்னேன்.

"போய் சரி பண்ணிட்டு வர வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"அளவை மாத்தினா, ஏன் மாத்தினேன்னு காரணம் எழுதணும். மீசையும் கையெழுத்துப் போடணும். எல்லாம் வெளிய வந்துடும். பதவி போயிடும்."

அவள் என் சட்டையை மூன்றாவது தடவையாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வெட்டின முக்கால் வயித்தோட உங்க நேர்மையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுட்டாங்க போல. அந்த சர்ஜனைக் கேட்டுப் பாருங்க, பாட்டில்ல ஏதாவது போட்டு வெச்சிருப்பாரு."

ஒரு வாரம் இழுத்தடித்தேன். புதன்கிழமை சர்வீஸுக்காக லிஃப்டை நிறுத்திவிட்டுப் படியில் இறங்கினேன். நாலாவது மாடித் திருப்பத்தில் அந்த ரிசப்ஷனிஸ்ட் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணே. தலை சுத்துச்சு. வாட்ச்மேன் உங்க கதையை சொன்னாரு. நீங்க நடந்தே இளைச்சீங்களாமே." மூச்சை இழுத்துவிட்டுச் சிரித்தார். "நானும் ஆறு மாசமா முடிஞ்ச வரைக்கும் படிதான் ஏறுறேன். ரெண்டு வேளை சாப்பாட்டை நிறுத்திட்டேன். எட்டு கிலோ குறைஞ்சிருக்கு. அப்பவும் அந்த லிஃப்ட் என்னைப் பார்த்தா கத்துது. இன்னும் எவ்வளவு குறைஞ்சா விடும்?"

என் பையிலிருந்த டப்பாவைத் திறந்து பாதி முட்டையை நீட்டினேன்.

"வேண்டாம்ணே. நேத்திலேர்ந்து தண்ணி மட்டும்தான். உங்களால முடிஞ்சது என்னால முடியாதா?"

கிரீஸ் தடவி இழுத்தபோதுகூட நான் அவ்வளவு சிறுத்துப் போகவில்லை.

"என்னால முடியல," என்றேன்.

"என்னண்ணே?"

படியிலேயே உட்கார்ந்து சட்டையைத் தூக்கிக் காட்டினேன். ஐந்து தழும்பு. "நடந்து இளைக்கல. ஆபரேஷன். அந்த லிஃப்ட் கத்துறது உன்னைப் பார்த்து இல்லம்மா. நான் என் எடையை மறைச்சதால அதுக்கு அளவு தப்பு. நீ எட்டு கிலோ இல்ல, முப்பது குறைஞ்சாலும் நாளைக்கு வேற யார் மேலயாவது கத்தும். முதல்ல இதை சாப்பிடு."

அவர் முட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முட்டையை வாங்கி, ஒரே வாயில் போட்டு, மெதுவாக மென்று முழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"போன வாரம் நான் இறங்கினப்ப நீங்க கீழதானே நின்னீங்க?"

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "போய் சரி பண்ணுங்க. நான் பக்கத்துல நின்னு பார்க்கணும்."

கீழே வேனைத் திறந்து, "கட்டியை இறக்கு," என்றதும் மீசை சிகரெட்டைக் கீழே போட்டான். "எதுக்கு? இதுக்குத்தான் ஏற்கனவே வெச்சாச்சே?"

எட்டுக் கட்டியையும் ஒவ்வொன்றாக நானே சுமந்து லிஃப்டுக்குள் அடுக்கினேன். இருபது இருபதாக, 160 கிலோ. மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். 197 என்று காட்டியது.

"முப்பத்தேழு கிலோ அதிகமா காட்டுதே. உள்ள யாரு இருக்கா?" என்றான் மீசை.

"நான்தான்," என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் மீசையைத் தடவினான். "அப்ப பித்தப்பைக் கல்லு?"

"இன்னும் உள்ளதான் இருக்கு. பித்தப்பை. கல்லு இல்ல."

"பாவி, உனக்காக நேர்ந்துக்கிட்டு ரெண்டு வாரம் தண்ணியடிக்காம இருந்தேன்டா!"

மீசை 160 என்று தட்டி அளவைச் சரிசெய்ததும், மேனேஜருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அளவு தப்பு என்றேன், ம் என்றார். பத்து வருடமாகக் கட்டி வைக்கவில்லை, எல்லா லிஃப்டையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றேன், ம் என்றார். ஆபரேஷன் என்றதும்தான் அலறினார். "யோவ், பேனர் அடிச்சாச்சேய்யா!"

"என் படம் இருக்கட்டும் சார். தலைப்பை மட்டும் மாத்திடுங்க."

பேனர் போயிற்று. பதவியும் போயிற்று. மீசைக்கும் எனக்கும் பழைய லிஃப்டுகளின் பட்டியல் வந்தது. கட்டியோடு போக வேண்டும், சுமந்து.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடைசியாகச் சரிபார்க்கப் போனேன். ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேர் ஆனார்கள். எட்டாவதாக ரிசப்ஷனிஸ்ட் வாசலில் நின்றார். உள்ளே ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், மூச்சுக்கும் எடை உண்டு என்பது போல. அவர் ஏறினார்.

சத்தமில்லை.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் புத்தி மழுங்கி, தகட்டை மாட்டியவனே அதை மறந்து, நானும் டூல் பாக்ஸோடு உள்ளே காலை வைத்தேன்.

லிஃப்ட் கத்தியது.

பழக்கதோஷம், ஏழு பேரும் அவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். கூரியர்காரர் வழிவிட்டு ஒதுங்கிக்கூட நின்றார்.

ரிசப்ஷனிஸ்ட் அசையவில்லை. கைப்பையைத் தோளில் ஏற்றி மாட்டிக்கொண்டு என் கண்ணையே பார்த்தார்.

"இறங்குங்க அண்ணே," என்றார். "படி அந்தப் பக்கம் இருக்கு."