மகாராணியின் நாய்கள் யாரிடம் போயின

மஸீனா கேற்றின் கொளுக்கியைத் தூக்கிய சத்தத்துக்கு டியூக் எழுந்து, உடம்பை ஒருமுறை உதறிவிட்டு, விறாந்தைப் படியால் இறங்கி, மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வெட்டியிருந்த கானைத் தாண்டி, கொய்யா மரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டது. போ என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. திரேசா மிஸ்ஸி உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மஸீனா வருவதும், அவள் வருமுன்னே மிஸ்ஸி விறாந்தையைக் கழுவித் துடைத்து, அவளுக்கென்று உள்ளே வைத்திருக்கும் பிரம்புக் கதிரையை வெளியே எடுத்துப் போடுவதும், நாய் கானுக்கு அப்பால் ஒதுங்குவதும் கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையின் அந்த ஒழுங்கையில் பல வருடங்களாக நடந்துவரும் காரியங்கள். மூவரும் இருந்து பேசி வைத்துக்கொண்ட உடன்படிக்கை போல. அதை ஒருநாளும் மீறாதது நாய்தான்.

மஸீனாவின் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். காய்ந்த நாய் உரசினால் பரவாயில்லை, ஈர நாய்தான் சிக்கல். அதனால் மழை நாட்களில் அவள் வருவதில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் குண்டசாலையில் பின்னேரத்தில் மழை பெய்யாத நாளைத் தேடத்தான் வேண்டும். அந்த நாட்களில் ஒரே மதிலின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இருவரும் தொலைபேசியில் பேசுவார்கள். மிஸ்ஸி சொல்வது முதலில் மதிலுக்கு மேலால் வந்து, ஒரு கணம் பிந்தி போனுக்குள்ளும் வரும். டியூக் இடையில் ஒரு குரைப்புக் குரைத்தால் அதுவும் அப்படித்தான்.

மிஸ்ஸி கண்டியில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் யாழ்ப்பாணம். ஓய்வுக்குப் பிறகு ஊருக்குப் போவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். புருஷனைக் கண்டியில் அடக்கம் செய்திருந்ததால் போகவில்லை. ஒரே மகன் தனேஸ் லண்டனில். டியூக் குண்டசாலைச் சந்தியில் பஸ்ஸில் அடிபட்டுக் கிடந்த குட்டி. காலுக்கு மட்டை வைத்துக் கட்டிக் குணமாக்கி, பிரபுவின் பட்டமும் கொடுத்தார். செம்மண் நிறம், ஒரு காது மடங்கியது, பார்வையில் மட்டும் கொஞ்சம் அதிகாரம்.

மஸீனா அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆனால் அறிந்துகொள்ளும் ஆசை அவளுக்குத் தீராது. லண்டன் அரண்மனைச் செய்திகளைப் போனில் ஒன்றுவிடாமல் பார்ப்பாள். மன்னருக்குச் சுகமில்லை என்று செய்தி வந்த அன்று அவள்தான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்து மிஸ்ஸியிடம் சொன்னாள். மிஸ்ஸி வார்டில் விசாரிப்பதுபோல, எப்போதிருந்து, என்ன வைத்தியம் என்று கேட்டார். மன்னரின் மகன்மார் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதை இவர்கள் பக்கத்து ஒழுங்கைக் குடும்பத்துச் சண்டைபோல் வைத்து ஆராய்வார்கள். மஸீனா இளையவன் கட்சி. மிஸ்ஸி மூத்தவன் கட்சி. தாயை இழந்த பிள்ளைகள் என்ற இடத்துக்கு வந்ததும் இரண்டு கட்சியும் ஒன்றாகி, கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் தேத்தண்ணி குடிக்கும். அந்தப் பேச்சில்லாத நேரம்தான் மஸீனாவுக்கு அதிகம் பிடித்தது. கானுக்கு அப்பால் கிடக்கும் நாயை அவள் அப்போதுதான் பார்ப்பாள். அதுவும் அவளைப் பார்க்கும். தன் வாழ்நாளில் ஒரு நாயையும் அவள் தொட்டதில்லை. அதன் தலை தொட்டால் எப்படி இருக்கும், தேங்காய்ப் பொச்சுப்போலா, பூனை முதுகுபோலா என்று யோசிப்பாள். இதை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

அன்று மிஸ்ஸி தேத்தண்ணியை வைத்துவிட்டு, தன் கதிரையில் உட்காராமல் நின்றபடி, லண்டனுக்கு விசா வந்துவிட்டது என்றார். தனேசின் மனைவிக்கு இரண்டாவது பிள்ளை கிடைக்கப்போகிறது. ரிக்கெற்றும் அவனே போடுவான்.

"ஆறு மாசமெண்டுதான் சொல்லுறான்," என்றார்.

மஸீனா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒழுங்கையிலிருந்து ஆறு மாதம் என்று சொல்லிப் போனவர்களின் வீடுகள் அவளுக்குத் தெரியும். மூன்றாவது வீட்டில் இப்போது ஒரு கம்பனிக்காரர் வாடகைக்கு இருக்கிறார். வளைவில் இருக்கும் வீட்டில் குரங்குகள் இருக்கின்றன. சந்தோஷம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், சொன்னாள். கொய்யா மரத்தடியில் டியூக் கொட்டாவி விட்டது.

"மிஸ்ஸி, மகாராணி மௌத்தான பொறகு அந்த நாய் ரெண்டும் யாருக்கிட்ட போன?"

"ரெண்டாவது மகன் எடுத்தவராம். பிரேதப் பெட்டி வரேக்க வாசலில நிண்டு பாத்துக்கொண்டிருந்ததுகள். நானும் ரீவியில பாத்தனான்."

"அவரு கேட்டு எடுத்தா, இல்லாட்டி இவங்களாக் குடுத்தா?"

மிஸ்ஸி அவளை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். "அது தெரியேல்லை," என்றுவிட்டு கொய்யா மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். இனிக் கேட்பார் என்று மஸீனா காத்திருந்தாள். மிஸ்ஸி கேட்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில் புருஷன் றவூபிடம், டியூக்கை நாங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாள். றவூப் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒருமுறை மறுத்துவிட்டுத்தான் யோசிப்பார். நாய் இருக்கும் வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டார்கள் என்றார். வீட்டுக்குள்ளே யார் கேட்டது, வெளியேதானே என்றாள் அவள். அவர் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது அவர் கையில் ஒரு தகரத் துண்டு இருந்தது. தோட்டத்துக்குக் காவல் என்றால் வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொன்னாராம். பப்பாசியில் ஒரு காயைக்கூட இந்தக் குரங்குகள் விடுவதில்லை என்பதையும் ஹஸ்ரத்திடம் விபரமாகச் சொல்லியிருந்தார்.

"மலக்குமாருக்கு முன்வாசல், நாய்க்குப் பின்வாசல்," என்றார். அன்றைக்கே மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் நாலு தடி நட்டு, தகரத்தைப் போட்டு ஒரு கொட்டில் அடித்தார். நாய்க்குத் தண்ணீர் வைக்கக் கடையில் ஒரு நீலப் பேசினும் வாங்கி வந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, மிஸ்ஸியிடம் போய்ச் சொல்லு என்றார்.

"எப்பிடிச் சொல்ற? நாயைத் தாங்க, நாங்க பாக்குறோம் எண்டா, நீங்க போங்க எண்டு சொல்ற மாதிரித்தானே. அவங்க கேக்கட்டும்."

"ரெண்டு பேரும் லண்டன் அரண்மனையில எந்த ரூமுல யாரு படுக்கிற எண்டு வரைக்கும் கதைக்கிற. இத ஒண்டக் கதைக்க மட்டும் வாய் இல்ல."

போய்ச் சொல்லாததற்குக் காரணம் அது மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியும். மகன் நுஸ்கி கட்டாரில். றவூப் இஷா தொழுதால் தூங்கிவிடுவார். ஒரு நாளில் அவளுக்கென்று இருப்பது அந்தப் பின்னேரம் ஒன்றுதான். டியூக் தன் வளவில் இருந்தால் மிஸ்ஸி திரும்பி வரத்தான் வேண்டும் என்ற நினைப்பு கொட்டில் போட்ட இரவில் வந்தது. வந்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வாயில்லாப் பிராணியைப் பிணைக்கு வைத்து ஒரு மனுசியைக் கூப்பிடுவதா? அப்படி நினைக்கிற தனக்கு நாய்மேல் இருப்பது இரக்கமா, வேறு ஏதாவதா? இரண்டு மூன்று நாட்கள் அதையே யோசித்தாள், விடை வரவில்லை. யோசிக்க யோசிக்க, தானாகப் போய்க் கேட்பது முன்னிலும் கடினமாயிற்று.

பின்னேரங்களில் பயணக் கதை நடந்தது. மஸீனா உம்ராவுக்கு மக்கா போனவள் என்பதால் விமான நிலையத்தில் சப்பாத்தையும் கழற்றச் சொல்வார்கள் என்று எச்சரித்தாள். விமானத்தில் கால் வீங்கும் என்றார் மிஸ்ஸி; நோயாளிகளுக்குச் சொன்னதைத் தனக்கே சொல்லிக்கொண்டார். தனேசின் வீட்டிலிருந்து அரண்மனைக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று மஸீனா கேட்டாள். குளிருக்குக் கம்பளிக் கையுறை பின்னத் தொடங்கியிருந்தாள். நாயைப் பற்றி இருவரும் பேசவில்லை. நாய் கானுக்கு அப்பால் கிடந்தது.

ஒரு வியாழக்கிழமை மிஸ்ஸி தேத்தண்ணியோடு சொன்னார், டியூக்கை ஹேவாஹெட்ட சுரேஸ் கொண்டுபோகிறான் என்று. சுரேஸ் வாரத்துக்கு ஒருமுறை சின்ன லொறியில் மலையிலிருந்து மரக்கறி கொண்டுவந்து ஒழுங்கை ஒழுங்கையாக விற்பவன். தனேசே லண்டனிலிருந்து போன் எடுத்து அவனோடு பேசி முடித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான்.

"உமக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாதெண்டு முதல் நாளே நினைச்சனான், மஸீனா. பூட்டின வீட்டுக்கு முன்னால நிண்டு டியூக் உங்கட பக்கம் வரத் துவங்கினா உம்மட தொழுகை, துடக்கு எல்லாத்துக்கும் இடைஞ்சல். இவ்வளவு காலமும் காப்பாத்தினதை நான் போற நேரத்தில கெடுக்கப்படாது."

மஸீனா, "நல்லம்," என்றாள். அந்த ஒரு சொல் எங்கிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு விளங்கவில்லை. நீலப் பேசினில் மழைத்தண்ணீர் நிரம்பியிருந்தது.

ஞாயிறு காலை லொறி வந்து மிஸ்ஸியின் கேற்றடியில் நின்றது. பின்னால் சாக்குகள் விரித்திருந்தான் சுரேஸ். நல்ல மனசுக்காரன், பாண் துண்டுகூடக் கொண்டுவந்திருந்தான். டியூக் பாணைத் தின்றது, ஏறவில்லை. கயிற்றை இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு கயிற்றைக் கடித்தது. தூக்கப் போனால் தரையோடு தரையாகப் படுத்துப் பாரமாகியது. மஸீனா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏற மாட்டேங்குதுங்க மிஸ்ஸி. நம்ம பக்கம் வந்துச்சுன்னா மலை பூரா ஓடித் திரியலாம். அது தெரிய மாட்டேங்குது இதுக்கு. நீங்க கொஞ்சம் உள்ள போனீங்கன்னா ஏறிடும்."

மிஸ்ஸி உள்ளே போகவில்லை. லொறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மதிலைப் பார்த்தபடி நின்றார். எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட கைகள், இரண்டையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு. அந்த முகம் மஸீனாவின் யன்னலுக்கு நேராக இருந்தது. அழவில்லை. எதையோ எண்ணிக்கொண்டு நிற்பவரின் முகம். ஏன் அப்படி நிற்கிறார் என்று அறிய வேண்டும்போல் இருந்தது மஸீனாவுக்கு. அறியத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு முக்காட்டை இழுத்து விட்டு வெளியே வந்தவள், வேறொன்றைச் செய்தாள்.

"சுரேஸ் தம்பி, நிப்பாட்டுங்க. டியூக் எங்கட ஊட்டுல இரிக்கட்டும்."

மிஸ்ஸி திரும்பினார். "உமக்கு ஏலாது, மஸீனா."

"ஏலும். கொட்டிலும் போட்டாச்சி. விசா வந்த கெழமையே போட்ட."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்க ஏன் கேக்கல்ல?"

சுரேஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கயிற்றின் நுனியை மஸீனாவிடம் நீட்டினான். கயிறு நாயின் எச்சிலில் ஊறிப் பளபளத்தது. குண்டசாலையில் மண்ணுக்கும் பஞ்சமில்லை, தண்ணீருக்கும் பஞ்சமில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் அதை வாங்கினாள். நினைத்ததைவிடச் சூடாக இருந்தது.

மிஸ்ஸி கிட்ட வந்தார். சிரிப்பதுபோல் வாய் போயிற்று, ஆனால் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நாயைப் பாக்க ஆளில்லை எண்டுதான் தனேசுக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான். அவன் சுரேஸைப் பிடிச்சிட்டான். இப்ப, டியூக் லொறியில ஏறாட்டி நானும் பிளேன் ஏறேல்லை எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டு நிண்டனான். ஏறாமத்தானே நிண்டவன், மஸீனா. இன்னும் கொஞ்சம் நிண்டிருப்பான்."

மிஸ்ஸி கேட்பார் என்று இத்தனை நாளும் மஸீனா காத்திருந்த கேள்வியின் மறுபக்கம் இதுவாக இருந்திருக்கிறது. மிஸ்ஸி கேட்காமல் இருந்தது அவளுக்காக மட்டுமல்ல. அவள் சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளும் மிஸ்ஸிக்கு இங்கே இருக்க ஒருநாள் மிஞ்சியிருக்கிறது. சொன்னதைத் திருப்பி எடுக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். எடுத்தால் நாய் ஹேவாஹெட்டவுக்குப் போகும். எடுக்காவிட்டால் மிஸ்ஸி போவார்.

"எங்கட ஊட்டுல இரிந்தா," என்று தொடங்கினாள். "எங்கட ஊட்டுல இரிந்தா நீங்க வந்து பாக்கலாம்தானே."

"எங்க இருந்து வந்து?" என்று கேட்டார் மிஸ்ஸி. கோபமில்லை. மஸீனா மற்ற நாட்களில் அரண்மனையைப் பற்றிக் கேட்பதுபோல, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

"அப்ப நான் கெளம்புறேங்க, வெத்து லொறியாப் போவுது," என்று சுரேஸ் லொறியைக் கிளப்பினான். டியூக் தன்னைப் பிடித்துப்போக வந்த வண்டி தோற்று ஓடுகிறது என்று நினைத்ததோ என்னவோ, ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. நாயைக் கயிற்றில் எப்படிப் பிடிப்பதென்று மஸீனாவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு நழுவிப் போயிற்று. லொறிக்குப் பின்னால் குரைத்துக்கொண்டு ஒழுங்கை வளைவு வரை ஓடியது நாய். லொறி இறக்கத்தில் மறைந்தது. நாய் அங்கேயே நின்று, அது போன பக்கத்தைப் பார்த்தது, வால் மெல்ல ஓய்ந்தது.

லொறிக்காகத் திறந்த மிஸ்ஸியின் கேற் திறந்தபடி கிடந்தது. சத்தம் கேட்டு வந்த றவூப் தங்கள் பக்கத்துக் கேற்றையும் அகலத் திறந்துவிட்டு, நீலப் பேசினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கூப்பிட வாயெடுத்தார். மஸீனா எச்சில் பட்ட கையை உடுப்பில் படாமல் எட்டப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவரை மறித்தாள். மிஸ்ஸியும் கூப்பிடவில்லை. டியூக் திரும்பி, ஈரத் தார் ரோட்டில் கயிறு பின்னால் இழுபட, மதில்களை மோந்து மோந்து, ஒரு அவசரமும் இல்லாமல் இரண்டு வாசல்களையும் நோக்கி வந்துகொண்டிருந்தது.