நகுல் மல்கானி கடை திறந்த வெள்ளிக்கிழமை

முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியவர் எங்கள் வீட்டில் கிடையாது. எனக்குக் காய்ச்சல் பார்த்த டாக்டரிடம்கூட வாப்பா பேரம் பேசினார். அந்த வளர்ப்புதான் எனக்கு ஷார்ஜாவில் சோறு போடுகிறது. கடைத் திறப்பு விழாக்களுக்கு நடிகர்களைப் பிடித்துத் தருகிறேன். ஏறுகிற நடிகன் போனை எடுக்க மாட்டான். இறங்குகிறவன் மணி அடித்து முடிவதற்குள் எடுப்பான்.

நகுல் மல்கானி உடனே எடுத்தார். ஒரு காலத்தில் அவர் மழையில் நனைந்தால் தியேட்டர் நிரம்பும். இந்திப் படம்தான், தமிழில் குரல் மாற்றி வந்தும் ஓடியது. பிறகு வரிசையாகப் படுத்தன. நாயகனுக்கு அண்ணனானார், டிவியில் நடனப் போட்டிக்கு நடுவரானார். ஒரு வெப் தொடரில் போலீஸ் அதிகாரியாகி மறுபடி தலை நிமிர்ந்தார். இரண்டாம் பாகத்தின் முதல் காட்சியிலேயே சுட்டுவிட்டார்கள்.

இப்போது மும்பையில் ஒரு தயாரிப்பாளர், பெரிய படத்தில் அப்பா வேடத்தைக் காட்டி இழுத்தடித்துக்கொண்டிருந்தார். வளைகுடாவில் இவருக்கு இன்னும் கூட்டம் வருகிறதா, வீடியோ வரட்டும், பார்க்கலாம் என்றாராம். அதனால்தான் இங்கே ஷார்ஜாவின் முவைலா பகுதியில் கோபாலசாமியின் சூப்பர் மார்க்கெட்டுக்கு ரிப்பன் வெட்ட மல்கானி ஒப்புக்கொண்டார்.

கூட்டம் வந்தது. வெள்ளிக்கிழமை, தொழிலாளர் கேம்ப்பில் லீவு. அவர் வேனிலிருந்து இறங்கியதும் விசில் பறந்தது. நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். அவர் முகத்திலிருந்து பத்து வயது இறங்கிப் போனது.

கம்பி கட்டுகிற சோலையப்பன், புதுக்கோட்டைக்காரர், மல்கானியின் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எங்கண்ணே புடிச்சீங்க இந்த டூப்ளிகேட்ட? அப்புடியே மல்கானி. மூக்கு மட்டும் கொஞ்சம் ஒதைக்குது."

சோலையப்பன்மேல் குற்றமில்லை. இந்தத் தெருவில் செல்போன் கடையைத் திறந்ததும் சலூனைத் திறந்ததும் திருவிழா மேடைகளில் ஆடுகிற நகல் நட்சத்திரங்கள்தான். அசல் இங்கே வந்து நிற்கும் என்று யார் நினைப்பார்கள்?

அதற்குள் மொத்தத் தெருவும் "டூப்ளிகேட், ஆடு" என்று கத்தியது. உண்மையைச் சொல்ல நான் வாய் திறந்தேன். மல்கானி என் மணிக்கட்டை அழுத்தினார். "ரஹ்னே தோ, பாய்" என்றார். விட்டுவிடச் சொன்னார். மழைப் பாட்டுக்கு ஆடினார், முட்டி ஒத்துழைக்கவில்லை.

"லெஃப்ட் ஹேண்ட் மேல போகணும் பாய்," என்று திருத்தினார் சோலையப்பன்.

மல்கானி இடது கையைத் தூக்கி மறுபடி ஆடினார். கட்டிப்பிடித்தார்கள், சமோசா ஊட்டினார்கள்.

கோபாலசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னைத் தனியே இழுத்துப் போனார். "அல் ஐன்ல தொறக்கப் போற கடைக்கும் இவரையே கூட்டியாங்க. யாருன்னு சொல்லிக்க வேணாம். ஒரிஜினல்னா சனம் தள்ளி நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிரும், உள்ள வந்து சாமான் வாங்காது."

வேனில் திரும்பும்போது அல் ஐன் பேச்சை மல்கானியிடம் சொன்னேன். அப்போது மும்பைத் தயாரிப்பாளரிடமிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. என் போனில் இருந்த எல்லா வீடியோவிலும் டூப்ளிகேட் என்ற சத்தம்தான். மும்பைக்காரருக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. சத்தத்தை எடுத்துவிட்டு மேலே பாட்டைப் போடலாம், சரக்கில் குறை தெரியாது என்றேன்.

மல்கானி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். கூட்டம் வரவில்லை என்று இந்தியில் சொன்னார். ஒருவர்கூட வரவில்லை என்று மறுபடியும் சொன்னார்.

பிறகு கண்ணாடியில் தலை சாய்த்துக் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அல் ஐனில் ஆடுகிற இடம் மரமா, சிமெண்டா என்று கேட்டார்.

சிமெண்ட் என்றேன்.