படகுக்காரரின் தொண்டைக்கட்டு

விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் நானும் என் மனைவியும் வேலை பார்த்தோம். அவள் முன்கூடத்தில் விரிப்புகளை மடிப்பாள். நான் பின்னறையில் கறை எடுப்பேன். மருந்து நெடி வெளியே போகக் கூடாதென்று என் அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு இயந்திரங்களை நிறுத்தியதும் அவள் மற்றவர்களுக்கு நாவல் படித்துக் காட்டுவாள் என்பது தெரியும். போய்க் கேட்டதில்லை. எனக்கு மனசுக்குள் படித்துத்தான் பழக்கம்.

அந்த வாசிப்பால் கூடத்தில் சில மாற்றங்கள் நடந்தன. நீராவி இஸ்திரி போடுகிறவளை எல்லோரும் நீராவி என்றுதான் கூப்பிடுவோம். முதலாளியின் நிழலைக் கண்டாலே எச்சில் விழுங்குகிறவள். ஒருநாள் அவரிடம் நேரே போய், "மூச்சு விடறதுக்கு யாருகிட்டயும் பர்மிஷன் கேக்க மாட்டேன் சார். ஃபேன் மாட்டுங்க" என்றாள். மாட்டினார். நாவலில் வரும் படகுக்காரர் ஓர் அதிகாரியிடம் இப்படித்தான் எதிர்த்துப் பேசினாராம். நான் படித்த புத்தகங்கள் ஓர் அலமாரியில் அடங்காது. ஒன்றுகூட என்னை ஒரு ஃபேன் கேட்க வைத்ததில்லை.

என் மனைவி நெஞ்சுவலியில் போனாள். எல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று மதியம், நீராவி என் கதவைத் தட்டினாள். கையில் அந்த நாவல்.

"அண்ணே, அண்ணி பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் படிக்கணும்."

"எனக்குச் சத்தமாப் படிக்க வராதும்மா."

"கறைகிட்ட மட்டும் நாளெல்லாம் பேசறீங்க? வாங்க."

அடையாளம் வைத்திருந்த பக்கத்திலிருந்து படித்தேன். படகுக்காரர் மகளுக்குக் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அம்மா பேசினாள், மாமா பேசினார்.

மடிக்கிறவர்களில் வாயாடி ஒருத்தி உண்டு. "பெத்த அப்பன் படகுக்காரர் ஏன் கம்முனு இருக்காரு? வாயைத் தச்சுட்டாங்களா?" என்றாள்.

நான் படித்த பக்கத்தில் அவர் இல்லவே இல்லை. "தொண்டை கட்டியிருக்கு" என்றேன்.

மாலை வீட்டில் முதலிலிருந்து புரட்டினேன். படகுக்காரர் நாலாவது அத்தியாயத்திலேயே வெள்ளத்தில் போய்விட்டார். ஃபேன் வாங்கித் தந்த வசனம் எங்குமே இல்லை. அந்த அத்தியாயம் வந்தது நீராவியின் தம்பி இறந்த வாரம். சாவு வீட்டிலிருந்து திரும்பி, என் மனைவி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. மறுநாள் அவரைக் கரையேற்றியிருக்கிறாள். அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் அவள் கைச்சரக்கு.

ஒரு சாவு போதும் என்று எனக்கும் தோன்றியது. மறுநாள் நானே அவரைப் பேச விட்டேன்.

"'மாப்பிள்ளை நல்லவர்தான்' என்றார் படகுக்காரர். 'ஆனால் சட்டையில் துருக்கறை. எலுமிச்சை பிழிந்து வெயிலில் போட்டால் போகும்.'"

வாயாடி சாப்பிடுவதை நிறுத்தினாள். "அதிகாரியையே நடுங்க வச்ச மனுஷன். இப்ப என்னண்ணே எலுமிச்சம்பழம் விக்கிறாரு?"

"வயசாகுதுல்ல."

அதற்கு மறுநாள் படகுக்காரர், இரத்தக்கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது என்றார். கூடமே சிரித்தது. நீராவி மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, இது அவர் இல்ல. புத்தகத்துல அவரு என்ன ஆனாரு? உள்ளதச் சொல்லுங்க."

"கேட்டாத் தாங்குவியா?"

"படிச்சா நீங்க தாங்குவீங்களா?"

நாலாவது அத்தியாயத்தைத் திருப்பி, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி படித்தேன். கயிறு அறுந்தது. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அரைப் பக்கம்தான். வாயாடி சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். வேலை மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே போயிருந்த முதலாளி வந்தார். "என்னம்மா, மெஷின் எதுவும் ஓடலை?"

நீராவி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு சாவு சார்."

"யாரு?"

"படகுக்காரர்."

கூடத்தை ஒட்டிய தன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அவரும் தினம் கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படி? நேத்துகூட நல்லாத்தானே பேசிட்டிருந்தாரு?"

அந்த அரைப் பக்கத்தை முதலிலிருந்து மறுபடியும் படித்தேன்.