மூன்று வயது டிரான்ஸ்பார்மர்

தெரியாத ஒன்றைக் கேட்டு ஒரு படிவம் வந்தால், அந்தக் கட்டத்தில் நீங்கள் என்ன எழுதுவீர்கள்?

நான் அப்போது நடந்துகொண்டிருந்த வருடத்தையே எழுதினேன். மின் அலுவலகத்தின் பழைய நோட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலை. மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. டிரான்ஸ்பார்மர் வைத்த வருடம் என்ற கட்டம் நானூறு இடத்தில் காலி. காலியாக விட்டால் கணினி அடுத்த வரிக்கு நகராது. நிரப்பினேன். சீக்கிரம் முடித்தேன் என்று பாராட்டினார்கள்.

அந்த நானூற்றில் ஒன்று நான் குடியிருக்கும் தெருமுனையில் நிற்கிறது. வயது முப்பதுக்குக் குறையாது. கணினியில் மூன்று.

கீழ் வீட்டு அக்காவின் கணவருக்கு மூச்சு இயந்திரம் ஓட வேண்டும். சாயங்காலம் தெருவே விளக்குப் போட்டதும் வோல்டேஜ் இறங்கி அது நின்றுவிடும். அக்கா ஓடிப்போய் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறப்பார். பழைய டிரான்ஸ்பார்மர்களை மாற்றும் இந்த வருடப் பட்டியலில் எங்கள் தெரு வராவிட்டால், அக்காவின் தம்பி இருக்கும் ஊருக்கே குடிபோய்விடுவதென்று வண்டிக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். இங்கே எனக்கு அவர்களை விட்டால் யாரும் இல்லை.

பட்டியலை வயதையும் சுமையையும் பார்த்துக் கணினியே போடும். வயதைத் திருத்தப் புது விதி வந்திருந்தது: டிரான்ஸ்பார்மரில் வருடம் எழுதியிருக்கும் பெயர்த் தகட்டைப் படம் எடுத்து இணைக்காமல் எதையும் மாற்றக் கூடாது. நல்ல விதி. கூட்டத்தில் நானும் கை தூக்கினேன்.

தகட்டின் மேல் வருடா வருடம் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பட்டியல் மூடுகிற அன்று லைன்மேன் அண்ணனைக் கெஞ்சினேன். கரண்டை நிறுத்தி மேலே ஏறி, தின்னர் தொட்டுத் துடைத்தார்.

"தெரியுதாண்ணே?"

"தகரம் தெரியுது. பெயிண்டோட எழுத்தும் சேந்து வந்துருச்சு தம்பி."

"ஒரு நம்பராவது?"

"பாதி எட்டு இருக்கு. மூணாவும் இருக்கலாம். உனக்கு எது தோதுன்னு சொல்லு."

இறங்கி வந்து, இருபத்தைந்து வருடம் முன்பு தான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதில் எண்ணெய் ஒழுகியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதைத் திட்டப் பிரிவு மேடத்திடம் கொண்டு போனேன்.

"இது கடிதம். ஆதாரம் இல்ல."

"மூணு வயசுங்கறதுக்கும் ஆதாரம் இல்லையே மேடம். நான்தான் சும்மா போட்டேன்."

"அது விதி வர்றதுக்கு முன்னாடியே உள்ள போயிருச்சு. வாய்ச்சொல்லுக்கெல்லாம் மாத்தினா நாளைக்கு இன்னொருத்தர் வந்து வேற வயசு சொல்வாரு. அதுக்குத்தானே நீங்களும் கை தூக்குனீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வருடக் கட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவர் அழுத்தியும் அசையவில்லை. ஐந்து மணிக்குப் பட்டியல் மூடிவிட்டது.

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தார்.

"ஆச்சா?"

"இல்லக்கா. மூணு வயசுன்னு இருக்கு."

"அந்தக் கிழட்டுப் பொட்டிக்கா? எந்த மடையன் எழுதுனானாம்?"

"நான்தான்க்கா."

உள்ளே கணவரின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவருகிட்ட சொல்லிடாத. கரண்ட் ஆபீஸ்ல நம்ம பையன் இருக்கான்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பெருமை அடிச்சுக்கிட்டு இருக்காரு."

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. கட்டிலையும் சிலிண்டர்களையும் ஏற்றிக் கொடுத்தேன். அவர்கள் போனார்கள்.