ரெண்டு பிரேக் வண்டி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வண்டியில் ரெண்டு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற மாஸ்டர் காலடியில் ஒன்று. மாணவன் மரத்தைப் பார்த்துப் போனால் மாஸ்டர் மிதிப்பார். மரமும் பிழைக்கும், மாணவனும் பிழைப்பான். நம் மாஸ்டரிடம் இருந்ததும் அந்த ஒரே வண்டிதான். வாரம் முழுக்க அதில் ஊரார் உயிரைக் காப்பாற்றுவார். லீவு நாளில் கூரைமேல் இருக்கிற போர்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புவார்.

ஓட்டுவது மட்டும் அவர் மனைவி. மாஸ்டர் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து தலை நரைத்தவர். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். தவிர, தானே ஓட்டினால் யாரைக் குறை சொல்வது? மனைவி ஓட்டினால் அந்தக் கஷ்டம் இல்லை.

மனைவிக்குப் பல் லேபில் வேலை. டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள், அதற்குப் பொருந்துகிற மாதிரி இவள் பல் செட் செய்து கொடுப்பாள். மயிரிழை கூடிப்போனாலும் வாங்கியவர் வாயை மூட முடியாமல் வந்து நிற்பார் என்பதால், நிதானம் அவள் கையில் ஊறிக் கிடந்தது. வண்டியையும் அப்படித்தான் ஓட்டினாள். அப்படியும் பின்னால் வருகிறவர்கள் ஓயாமல் ஹாரன் அடிப்பார்கள். முந்திப் போகும்போது கண்ணாடியை இறக்கி முறைத்துவிட்டுப் போவார்கள். ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது என்பார் மாஸ்டர்.

பின் சீட்டில் இவர்கள் பெற்ற ஒரே செல்வமகள், சுண்டு. ஆறு வயது. வாய் நீளம், வயிறு மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. ஊர் எல்லையைத் தாண்டியதும் முகம் வெளுக்கும். பேச்சு நின்றுபோகும். சுண்டு பேசாமல் இருந்தால் பையைப் பிரி என்று அர்த்தம். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அத்தை பேச்சைக் கேட்டு செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார வைத்தார்கள். அதனால் செய்தித்தாள்தான் பாழானது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, வயிறு நன்றாக இருக்கிறது, வண்டியைப் பாருங்கள் என்றார். மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு, வண்டி நன்றாக இருக்கிறது, பிரேக் கட்டை மட்டும் ஏன் இப்படித் தேய்கிறது என்று தலையைச் சொறிந்தான். மாஸ்டர் பழியை மாணவர்கள் தலையில் போட்டுவிட்டு வந்தார். ஸ்கூல் வேனில் சுண்டு ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் வயிற்றுக்கும் தைரியம் வரும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார் மாஸ்டர். விளக்கத்துக்கு அவரிடம் என்றைக்கும் பஞ்சம் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் மனைவிக்கு அந்த வேலை வந்தது. அரை நாள் தூரத்தில் ஒரு பெரிய லேப். ஒரு பிரிவுக்கே அவள்தான் தலைமை. ஓட்டிக்கொள்ள அவர்களே ஒரு காரும் தருவார்கள். வார நாட்களில் அவளும் சுண்டுவும் அங்கே இருப்பது, வார முடிவில் வீட்டுக்கு வந்துவிடுவது என்று பேச்சு. மாஸ்டரின் ட்ரைவிங் ஸ்கூல் இந்த ஊரை விட்டு நகராது, மாஸ்டரும் நகரமாட்டார். ஆக, பிள்ளை வாராவாரம் அந்தப் பாதையில் போய் வர வேண்டும். வாராவாரம் குடலைப் பிடுங்கிக்கொண்டு வருகிற பிள்ளையை எந்தத் தாய் வண்டியில் ஏற்றுவாள்? ஒரு தடவை கூட்டிப்போய்ப் பார்க்கலாம் என்றாள். சுண்டு தாங்கினால் வேலைக்குச் சரி சொல்லிவிடுவது, தாங்காவிட்டால் நேரிலேயே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புவது. அந்த வேலை அவளுக்கு வேண்டும், ரொம்ப வேண்டும். அது மாஸ்டருக்கும் தெரியும். "உன் இஷ்டம்" என்று சொல்லியிருந்தார். அதை அவர் சொன்ன தினுசைக் கேட்டிருந்தால் யாருக்கும் எந்த இஷ்டமும் மிஞ்சியிருக்காது.

காலையில் கிளம்பினார்கள். ஊரைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, வரிசையாக லாரி ஷெட்டுகள் வருகிற இடத்தில் சுண்டுவின் பேச்சு நின்றது. மனைவி கண்ணாடியில் பார்த்துவிட்டு ஓரம் கட்டுவதற்குள், பிள்ளை ரெண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி அப்பா என்று கூப்பிட்டாள். மாஸ்டர் என்ன கண்ணு என்று குனிந்தார். பாலும் பிஸ்கட்டுமாக மொத்தமும் அவர் காலடியில் இறங்கியது.

பெட்ரோல் பங்க்கில் நிறுத்திக் கழுவினார்கள். ஷூ டிக்கிக்குப் போனது. கால்மிதி விரிப்பும் போனது. குழாயை வைத்து அடித்ததில் மாஸ்டரின் காலடியில் குளம் கட்டியது, நாற்றம் மட்டும் போகவில்லை. மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள். இனி வேலை வேண்டாம் என்றுதான் அவள் சொல்லப்போகிறாள் என்பது அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. மாஸ்டர் வெறுங்காலை அந்தக் குளத்தில் வைக்க அருவருத்து, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதன்பிறகு நடந்ததுதான் அதிசயம். சுண்டு வாயைத் திறந்தாள். மாடு எத்தனை, லாரி எத்தனை என்று எண்ணினாள். கேட்டு வாங்கி ரொட்டி தின்றாள். தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடி முடித்துவிட்டு, தெரியாத பாட்டுகளையும் பாடினாள். பின்னால் ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை. மனைவி, வண்டி இன்றைக்கு என்னமாய் இழுக்கிறது என்று ஆச்சரியப்பட்டாள். மெக்கானிக் கைராசிக்காரன் என்றார் மாஸ்டர்.

அப்போது பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு லாரி கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே நுழைந்தது. மாஸ்டரின் வலது கால் துள்ளி எழப் பார்த்தது. தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டு எழ முடியவில்லை. அவர் காலை உருவுவதற்குள் மனைவி வேகத்தைக் குறைத்து, லாரிக்கு வழிவிட்டு, ஒரு குலுக்கலும் இல்லாமல் மறுபடி வேகம் பிடித்துவிட்டாள். பின்னால் பாட்டுகூட நிற்கவில்லை.

மாஸ்டர் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். இத்தனை காலமும் இந்தக் கால் என்ன செய்துகொண்டிருந்தது? வளைவுக்கு ஒரு மிதி, நாய்க்கு ஒரு மிதி, தூரத்தில் வருகிற பஸ்ஸுக்கு ஒரு மிதி. அவரைக் கேட்காமல் அதுபாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வண்டி இழுக்கவில்லை என்று அவள் ஆக்ஸிலேட்டரை அழுத்த, இது பிரேக்கை அழுத்த, நடுவில் கிடந்து குலுங்கியது பிள்ளையின் வயிறு. இல்லை, இருக்காது என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கினார். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று காலை மெதுவாக இறக்கி, ஈரத்தைப் பொருட்படுத்தாமல் பெடல்மேல் வைத்தார்.

கொஞ்ச தூரம் போவதற்குள் பாட்டு நின்றது.

மாணவர்களைக் கவனிக்க அவர் பக்கம் தனியாக ஒரு கண்ணாடி உண்டு. அதில் சுண்டுவின் முகம் தெரிந்தது, வெளுக்க ஆரம்பித்திருந்தது. காலை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. இப்படியே வைத்திருந்தால் போதும் என்று தோன்றியது அந்த மனிதருக்கு. யாருக்கும் தெரியாது. பிள்ளை இன்னொரு தடவை வாந்தி எடுப்பாள், இவள் வேலை வேண்டாம் என்பாள், வீட்டில் எல்லாம் பழையபடி இருக்கும். வார நாளில் தனியாகச் சோறு வடித்துத் தின்ன வேண்டாம். பூட்டின வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டாம். மிதித்தபடியே இருந்தார். சுண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ரெண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வேண்டும் என்றே செய்கிறோம் என்று அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. தன்மேலேயே அவருக்குக் குமட்டியது.

"வண்டிய நிறுத்து" என்றார்.

டிக்கியிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்து, சாலையோரப் புழுதியில் முட்டி போட்டு, தலையைக் காலடிக்குள் விட்டார். ரெண்டு போல்ட், ஒரு கம்பி. கழற்றுவது அவருக்குப் பெரிய வேலை இல்லை. திங்கட்கிழமை மாணவர்களுக்காக மறுபடி மாட்டிக்கொள்ளலாம். மனைவி இறங்கி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். மாஸ்டர் பெடலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். மூக்கு நுனியில் கிரீஸ்.

"இதனாலதான் சுண்டுக்கு வாந்தி. நான்தான் மிதிச்சுக்கிட்டே வந்திருக்கேன்."

"எப்பலேருந்து?"

"எப்பவுமே. எனக்கே தெரியாது." பெடலைக் கீழே வைத்தார். "கடைசியா மிதிச்சது மட்டும் தெரிஞ்சுதான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

"எனக்கு ஓட்ட வரலைன்னு நெனச்சேன்" என்றாள். "ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு வாய் கழுவி விடும்போது, நம்ம கைதான் சரியில்லன்னு நெனச்சுக்குவேன். நீங்களும் பக்கத்துலயே உக்காந்து, கியரை மெதுவா போடுன்னு சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்தீங்க."

"உன் கையில தப்பே இல்ல. இந்தக் கால்தான்."

அவள் காலைப் பார்த்தாள், ஆளையும் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, கோபம்தான் அதைவிட அதிகம். "லேபுக்குப் போனதும் வேலைக்கு வரேன்னு சொல்லிடப் போறேன்" என்றாள். மாஸ்டர் தலையாட்டினார். பின் சீட்டில் போய் உட்காரச் சொன்னாள். போய் உட்கார்ந்தார்.

தன் வண்டியின் பின் சீட்டில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை, பிடிக்க ஒன்றும் இல்லை. வண்டி கிளம்பி, வேகம் பிடித்து, முன்னால் போன ரெண்டு பஸ்களை ஒவ்வொன்றாகத் தாண்டியது. எல்லாம் சரியாக நடந்தது. எங்கே குறைக்க வேண்டுமோ அங்கே குறைத்தாள், எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டாள். அவர் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சம் இல்லை. சுண்டு அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, கை ஏன் ஜில்லுன்னு இருக்கு? பயமா?"

"ஆமா."

"அம்மா நல்லாத்தானே ஓட்டறாங்க?"

"நல்லா ஓட்டறா" என்றார் மாஸ்டர். "அதான் பயமா இருக்கு."

முன் சீட்டில் இருந்தவளுக்கும் அது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கியருக்கு மாற்றினாள்.